சமயமும் இனமும் ஒன்றா? பினாங்குத் தெருக்கள் சொல்லும் பாடம்



தொடக்கப்பள்ளியில் பண்டிகைகளைப் பற்றிய பாடம் வந்தாலே வெண்பலகையில் ஓர் அட்டவணை ஏறிவிடும். முதல் கட்டத்தில் இனம், அடுத்ததில் சமயம், மூன்றாவதில் பண்டிகை. மலாய்க்காரர், இஸ்லாம், ஹரி ராயா. சீனர், பௌத்தம், சீனப் புத்தாண்டு. இந்தியர், இந்து சமயம், தீபாவளி. பிள்ளைகள் ஐந்தே நிமிடத்தில் எழுதி முடித்து, பக்கத்தில் ஒரு கெத்துப்பாட், ஓர் அங்பாவ், ஒரு குத்துவிளக்கு வரைந்து வண்ணமும் தீட்டிவிடுவார்கள். பாடம் முடிந்தது.

இப்போது ஒரு கேள்வி. அந்த வகுப்பில் ஒரு தமிழ் முஸ்லிம் பிள்ளை இருந்தால் அது எந்த வரிசையில் தன்னை எழுதிக்கொள்ளும்? ஞாயிற்றுக்கிழமை தமிழ்த் திருப்பலிக்குப் போகும் பிள்ளை? வைசாக்கி கொண்டாடும் சீக்கியப் பிள்ளை? அவர்கள் யாருக்குமே அந்த அட்டவணையில் இடம் இல்லை. இடம் இல்லாத பிள்ளை அதை வெளியில் சொல்லாது. தான் ஏதோ தவறாகப் பிறந்துவிட்டது போல நினைத்துக்கொண்டு அமைதியாக இருந்துவிடும். இடம் இருக்கிற பிள்ளையோ, "இஸ்லாம்னா மலாய்க்காரங்க, நாம இல்ல" என்று மனத்தில் பதிய வைத்துக்கொள்ளும். இரண்டுமே கெடுதல்தான்.

சமயமும் இனமும் ஒன்றல்ல. இதை அறிவுரையாகச் சொன்னால் பிள்ளைகளுக்கு ஏறாது, வரலாறாகக் காட்டினால் ஏறும். காட்டுவதற்கு நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. கெலுகோரிலிருந்து ஜோர்ஜ்டவுனுக்குப் பேருந்து ஏறினால் போதும்.

ஒரே தெருவில் இத்தனை எப்படி?

இன்று ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் என்று அழைக்கப்படும் தெருவின் பழைய பெயர் பிட் ஸ்திரீட். வடக்கு முனையிலிருந்து நடந்து வாருங்கள். முதலில் செயின்ட் ஜார்ஜ் ஆங்கிலிக்கன் தேவாலயம், 1818-இல் கட்டி முடிக்கப்பட்டது. சற்றுத் தள்ளிக் குவான் இன் கோயில், ஏறத்தாழ 1800-இல் எழுந்தது. குவாங்டோங், ஃபூஜியான் என்ற இரண்டு சீன மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் சேர்ந்து கட்டியதால் அதன் பெயரிலேயே இரண்டு ஊரும் இருக்கின்றன. அடுத்த தெருவான குவீன் ஸ்திரீட்டில் மகாமாரியம்மன் கோயில், 1833. மீண்டும் பிட் ஸ்திரீட்டுக்கு வந்தால் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், 1801. இன்னும் தெற்கே போனால் லெபோ ஆச்சே பள்ளிவாசல், 1808. எல்லாம் சேர்ந்து ஒரு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும்.

இது ஏன் நடந்தது என்று பிள்ளைகளைக் கேட்க விடுங்கள். "அந்தக் காலத்து மக்கள் ரொம்ப ஒற்றுமையா இருந்தாங்க" என்று சொல்லிவிட்டால் அது வரலாறு ஆகாது. 1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கொடியை ஏற்றியபோது கம்பெனிக்குத் தேவைப்பட்டது வணிகமும் ஆட்களும். சுங்க வரி இல்லாத துறைமுகம் என்று அறிவித்தார்கள். சோழமண்டலக் கரை, ஆச்சே, தென்சீனா, கெடா, சயாம், பர்மா என எல்லாப் பக்கத்திலிருந்தும் மக்கள் வந்தார்கள். வந்தவர்களைத் தங்க வைக்க வேண்டுமென்றால் அவர்கள் கும்பிட இடம் வேண்டுமே! ஒவ்வொரு சமூகத்துக்கும் கப்பித்தான் என்ற தலைவரை வைத்து, வழிபாட்டுக்கு நிலமும் கொடுத்தது கம்பெனி. சீனர்களுக்கு முதல் கப்பித்தான் கோ லே ஹுவான்.

ஆக, ஒரே தெருவில் இத்தனை சமயங்கள் சேர்ந்ததற்குக் காரணம் துறைமுகம். சேர்ந்து வாழக் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகு வந்தது. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்த மாணவர் தேர்வில் நல்ல விடை எழுதுவார்.

பள்ளிவாசலைக் கட்டியவர் யார்?

கப்பித்தான் கெலிங் என்று அழைக்கப்பட்டவரின் பெயர் காதர் முகைதீன். தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர். 1801-இல் அன்றைய துணை ஆளுநர் ஜார்ஜ் லீத்திடமிருந்து கிடைத்த நிலத்தில் பள்ளிவாசலைத் தொடங்கினார். பினாங்கின் மிகப் புகழ்பெற்ற பழைய பள்ளிவாசலின் தொடக்கம் தமிழ் பேசும் மக்களிடம் இருந்தது. இதை ஆண்டு 4 பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள், அந்த மூன்று கட்ட அட்டவணை அங்கேயே ஆட்டம் காணும்.

"கெலிங்" என்ற சொல்லைப் பற்றிப் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். மழுப்ப வேண்டாம். கலிங்கம் என்ற பெயரின் வழிவந்த சொல் அது. பழைய மலாய் வழக்கில் இந்தியக் கரையிலிருந்து வந்தவர்களைக் குறித்தது. பிற்காலத்தில் இழிவாகப் பயன்பட்டதால் இன்று ஒருவரை அப்படி அழைப்பது புண்படுத்தும். தெருப்பெயரில் அது வரலாறு, ஆளைப் பார்த்துச் சொன்னால் அவமதிப்பு. ஒரு சொல்லுக்குக் காலப்போக்கில் பொருள் மாறும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

அங்கிருந்து சூலியா ஸ்திரீட் வழியாக நடந்தால் கிங் ஸ்திரீட் சந்திப்பில் நாகூர் தர்கா. தமிழ்நாட்டின் நாகூரில் அடங்கியிருக்கும் 16-ஆம் நூற்றாண்டு இறைநேசர் சாகுல் ஹமீதின் நினைவாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே எழுப்பப்பட்டது. கடல் பயணத்தில் காப்பவர் என்று வணிகர்களும் மாலுமிகளும் அவரை நம்பினார்கள். நாகூரிலுள்ள தர்காவின் மிக உயரமான மினாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங், ஓர் இந்து.

பினாங்கு ரோட்டிலுள்ள செயின்ட் பிரான்சிஸ் சேவியர் தேவாலயம் தமிழ் பேசும் கத்தோலிக்கர்களுக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவானது. அங்கே இன்றும் தமிழ் ஒலிக்கிறது. மாரியம்மன் கோயிலில் தமிழ், தர்காவில் தமிழ், தேவாலயத்தில் தமிழ். அட்டவணையில் "இந்தியர்" என்ற கட்டத்துக்கு எதிரே ஒரே ஒரு சமயத்தை எழுதும்போது நம் சொந்த வரலாற்றில் பாதியை அழித்துவிடுகிறோம்.

நாகப்பட்டினத்திலிருந்து கடாரம் வரை

இந்தக் கலப்பு பினாங்கில்தான் தொடங்கியது என்று நினைக்க வேண்டாம். ரஜுலா கப்பலில் ஏறி நம் முன்னோர் பலர் வந்து சேர்ந்தார்களே, அந்தக் கப்பல் நின்று புறப்பட்ட நாகப்பட்டினத்தைப் பாருங்கள். ஏறத்தாழ 1006-இல் அங்கே சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடம் எழுந்தது. கட்டியவர் ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் ஆண்ட ஸ்ரீமாற விஜயோத்துங்கவர்மன். கடாரம் என்றால் நம் கெடா! அந்தப் பௌத்த மடத்தின் செலவுக்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடுத்தவர் சைவரான முதலாம் இராசராச சோழன். இதை லெய்டன் செப்பேடுகள் சொல்கின்றன.

அந்த நாகப்பட்டினத்துக்குச் சற்று வடக்கே நாகூர் தர்கா. சற்றுத் தெற்கே, செப்டம்பர் 8-இல் திருவிழா காணும் வேளாங்கண்ணி. ஊருக்குள்ளே காயாரோகணர் கோயில். பிட் ஸ்திரீட்டில் பார்த்த அதே காட்சி கடலுக்கு அந்தப் பக்கமும் இருக்கிறது. துறைமுகம் எங்கே இருக்கிறதோ அங்கே சமயங்கள் அக்கம்பக்கத்தில் குடியேறுகின்றன.

தமிழாசிரியர்களுக்கு இதில் இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. "பள்ளி" என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பழந்தமிழில் சமண, பௌத்தத் துறவிகள் தங்கிய இடம் பள்ளி. அவர்களுக்கு விடப்பட்ட நிலத்தைக் கல்வெட்டுகள் பள்ளிச்சந்தம் என்கின்றன. அதே சொல்தான் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம் ஆனது. அதே சொல்தான் முஸ்லிம்கள் தொழும் பள்ளிவாசல் ஆனது. "நோன்பு" என்ற சொல்லும் அப்படியே. பாவை நோன்பும் தமிழ், ரமலான் நோன்பும் தமிழ். "கோயில்" என்று சொல்லித் தேவாலயத்துக்குப் போகிற கத்தோலிக்கத் தமிழர்களும் இருக்கிறார்கள்.

இலக்கியம் படிக்கும் மேல்நிலை மாணவர்களுக்கு இது புதிதல்ல. மணிமேகலை பௌத்தக் காப்பியம். சீவக சிந்தாமணி சமணம். சீறாப்புராணம் உமறுப் புலவர் பாடியது, இஸ்லாம். தேம்பாவணி வீரமாமுனிவருடையது, கிறிஸ்தவம். இவற்றோடு தேவாரமும் பிரபந்தமும் சேர்ந்தால்தான் தமிழ் இலக்கிய வரலாறு நிறைவடையும். தேர்வுக்காக இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்கிறோம். அதன் பொருளைத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் கொண்டுசேர்க்க ஏனோ மறந்துவிடுகிறோம்.

சண்டையையும் சொல்ல வேண்டும்

பிட் ஸ்திரீட்டை இப்போது நல்லிணக்கத் தெரு என்று அழைக்கிறார்கள். நல்ல பெயர்தான். அதற்காக இங்கே எப்போதும் அமைதியே இருந்தது என்று சொல்லிவிட முடியாது. 1867 ஆகஸ்டில் சுமார் பத்து நாள் ஜோர்ஜ்டவுன் கலவரத்தில் சிக்கியது. ஒரு பக்கம் கீ ஹின் சங்கமும் வெள்ளைக்கொடிக் கூட்டமும், மறுபக்கம் துவா பெக் கோங் சங்கமும் சிவப்புக்கொடிக் கூட்டமும் நின்றன.

கவனியுங்கள்: இது சீனருக்கும் மலாய்க்காரருக்கும் நடந்த சண்டையில்லை. இரண்டு தரப்பிலும் சீனர் இருந்தார்கள், இரண்டு தரப்பிலும் முஸ்லிம்கள் இருந்தார்கள். அதிகாரமும் வருவாயும் பிரச்சனையாக இருந்தபோது இனத்தையும் சமயத்தையும் தாண்டிக் கூட்டுச் சேர்ந்துதான் அடித்துக்கொண்டார்கள். நட்பில் மட்டுமல்ல, சண்டையில்கூட அந்த மூன்று கட்ட அட்டவணை பொருந்தவில்லை என்பதைக் கவனித்தீர்களா? ஆண்டு 6 பிள்ளைகளுக்கு இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். நல்லிணக்கம் தானாக வந்த ஒன்றல்ல, காத்து வளர்த்தது என்பது அப்போதுதான் புரியும்.

பண்டிகையை எங்கிருந்து தொடங்குவது?

பெரும்பாலும் உடையிலும் பலகாரத்திலும்தான் தொடங்குகிறோம். பாஜு கூரோங், சியோங்சாம், சேலை போட்டுக்கொண்டு மேடையில் நிற்பார்கள். பிள்ளைகளுக்கு மகிழ்ச்சிதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உடையிலிருந்து தொடங்கினால் வேறுபாடு மட்டும்தான் கண்ணில் படும். நாட்காட்டியிலிருந்து தொடங்கிப் பாருங்களேன்.

நோன்புப் பெருநாள் 2023-இல் ஏப்ரல் 22, 2024-இல் ஏப்ரல் 10, 2025-இல் மார்ச் 31. ஏன் முன்னால் வந்துகொண்டே இருக்கிறது? இஸ்லாமிய ஆண்டு முழுக்க நிலவைப் பின்பற்றுவது, ஏறத்தாழ 354 நாள். சூரிய ஆண்டைவிட 11 நாள் குறைவு. எனவே சுமார் 33 ஆண்டுகளில் ஒரு முழுச் சுற்று வந்துவிடும். சீனப் புத்தாண்டோ 2023-இல் ஜனவரி 22, 2024-இல் பிப்ரவரி 10, 2025-இல் ஜனவரி 29. முன்னும் பின்னும் போகிறது, ஆனால் ஜனவரி பிற்பகுதிக்கும் பிப்ரவரி 20-க்கும் இடையில்தான் நிற்கிறது. காரணம், சீனர்கள் நிலவையும் பார்க்கிறார்கள், சில ஆண்டுகளில் ஒரு மாதத்தைக் கூட்டிச் சூரியனோடும் ஒத்துப்போக வைக்கிறார்கள். நம் தீபாவளியும் ஐப்பசித் தேய்பிறையில் வருவதால் இதே போலத்தான் ஆடுகிறது. ஈஸ்டரும் வசந்தகாலச் சமநாளுக்குப் பிந்திய முழுநிலவை ஒட்டி வரும் ஞாயிறு. விசாகமும் முழுநிலவு, தைப்பூசமும் முழுநிலவு.

ஆண்டு 4 பிள்ளைக்கு இது கணிதமாகவும் அறிவியலாகவும் இருக்கும். ஒரே நிலவைப் பார்த்துத்தான் எல்லாரும் நாள் குறித்தார்கள் என்று அது தானாகக் கண்டுபிடிக்கும். 2005-இல் தீபாவளியும் நோன்புப் பெருநாளும் ஒரே வாரத்தில் வந்ததும், "தீபராயா" என்று நாமெல்லாம் சேர்ந்து கொண்டாடியதும் ஏன் என்று அதற்கு விளங்கிவிடும்.

அடுத்து ஏப்ரல் நடுப்பகுதியை எடுங்கள். தமிழர்க்குச் சித்திரைப் புத்தாண்டு. பழைய பிரிக் கில்ன் ரோட்டிலிருக்கும் வாடா குருத்வாராவில் சீக்கியர்க்கு வைசாக்கி. புலாவ் தீக்குஸில் எதிரெதிரே நிற்கும் தாய்லாந்துக் கோயிலிலும் பர்மியக் கோயிலிலும் தண்ணீர்த் திருவிழா. சூரியன் மேட ராசிக்குள் நுழையும் காலத்தை ஒட்டியே இத்தனை கொண்டாட்டமும்! தீபாவளியிலும் இப்படி ஒன்று உண்டு. இந்துக்கள் நரகாசுரன் கதை சொல்லும் அதே நாட்களில், சமணர்கள் மகாவீரர் வீடுபேறு அடைந்ததை நினைக்கிறார்கள், சீக்கியர்கள் குரு ஹர்கோபிந்த் சிறையிலிருந்து விடுபட்டதைக் கொண்டாடுகிறார்கள்.

தைப்பூசத்தை மட்டும் எடுத்தாலே ஒரு முழுப் பாடம் வரும். நகரத்தார் கொண்டுவந்த வெள்ளி ரதம் 1894-இலிருந்து பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலை நோக்கிப் போகிறது. வழியெங்கும் தேங்காயைக் குவித்து வைத்து உடைப்பவர்களில் சீனர்கள் எத்தனை பேர் என்பது பினாங்கு வாசிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அட்டவணையில் அவர்களை எங்கே வைப்பது?

கற்பிப்பதற்கு ஒரு எல்லை

ஒரு சமயத்தைக் கற்பிப்பது வேறு, சமயங்களைப் பற்றிக் கற்பிப்பது வேறு. முன்னது கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் வீடும் செய்ய வேண்டிய வேலை. பின்னது பள்ளிக்கூடத்தின் வேலை. நம் கூட்டரசு அரசியலமைப்பின் 12-ஆவது பிரிவு, எவரையும் தம் சமயமல்லாத சமயத்தின் போதனையைப் பெறவோ வழிபாட்டில் பங்கெடுக்கவோ கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. 18 வயதுக்குக் குறைந்தவரின் சமயத்தை முடிவு செய்வது பெற்றோர் அல்லது பாதுகாவலர். 11-ஆவது பிரிவு சமயச் சுதந்திரத்தைப் பேசுகிறது. தேர்வு மாணவர்கள் இந்த எண்களை நினைவில் வையுங்கள்.

இந்த எண்ணம் நம் மண்ணுக்குப் புதிதல்ல. 1816 அக்டோபர் 21-இல் பினாங்கு பிரீ ஸ்கூலைத் தொடங்கிய ஹட்சிங்ஸ் பாதிரியார் ஒரு கிறிஸ்தவக் குரு. செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் எழவும் முன்னின்றவர். இருந்தும் அந்தப் பள்ளி எல்லா இன, சமயப் பிள்ளைகளுக்கும் திறந்திருந்தது, கிறிஸ்தவத்தை விரும்பாத பெற்றோரின் மனம் நோகக் கூடாது என்பதும் தொடக்கத்திலேயே பேசப்பட்டது. நம் நாட்டுத் தமிழ்க்கல்வியின் தொடக்கமாகவும் அந்த ஆண்டையே கொள்கிறோம், 2016-இல் 200 ஆண்டு நிறைவைக் கொண்டாடினோம். 1928-இலிருந்து அந்தப் பள்ளி கெலுகோருக்குப் பக்கத்தில் கிரீன் லேனில் இருக்கிறது. நம்மில் பலர் தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறோம்.

எல்லையை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு அண்டை நாட்டையும் பாருங்கள். சிங்கப்பூர் 1984-இல் இடைநிலைப்பள்ளிகளில் சமய அறிவுப் பாடத்தைக் கட்டாயமாக்கியது. பைபிள், இஸ்லாம், பௌத்தம், இந்து, கன்பூசிய நெறி என்று மாணவர்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தனித்தனி வகுப்புக்குப் போனார்கள். சமய ஆர்வம் போட்டியாக மாறுகிறது என்ற கவலை எழுந்து, 1989-இல் அந்தக் கட்டாயத்தைக் கைவிட முடிவெடுத்தார்கள். பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைத்து ஒற்றுமையைக் கற்பிக்க முடியாது என்பது அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடிய பாடம்.

வகுப்பறைக்குச் சில வழிகள்

ஒன்று, அட்டவணையைத் தூக்கியெறிய வேண்டாம், திறந்துவிடுங்கள். இனம் என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, "யார், எங்கிருந்து, எப்போது, ஏன் வந்தார்கள்?" என்று நான்கு கட்டம் போடுங்கள். காதர் முகைதீன், கோ லே ஹுவான், ஹட்சிங்ஸ் என்று மனிதர்களை நிரப்பச் சொல்லுங்கள்.

இரண்டு, சொல்லும் முறையைக் கவனியுங்கள். "முஸ்லிம்கள் இவ்வாறு நம்புகிறார்கள்", "கிறிஸ்தவர்கள் இவ்வாறு நம்புகிறார்கள்" என்று சொல்வது போலவே "இந்துக்கள் இவ்வாறு நம்புகிறார்கள்" என்றும் சொல்லுங்கள். நம்முடையதை உண்மை என்றும் மற்றதை நம்பிக்கை என்றும் சொன்னால் பிள்ளைகள் அந்த வேறுபாட்டை உடனே பிடித்துக்கொள்வார்கள்.

மூன்று, வகுப்பிலுள்ள ஒற்றைப் பிள்ளையை எழுப்பி, "நீ சொல்லு, உங்க சமயத்துல எப்படி?" என்று கேட்காதீர்கள். பத்து வயதுப் பிள்ளை ஒரு சமயத்துக்கே பேச்சாளர் ஆக முடியாது. தானாகச் சொல்ல வந்தால் மகிழ்ச்சியோடு கேளுங்கள்.

நான்கு, வழிபாட்டு இடங்களுக்குப் போகும் முன் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலைப் பெறுங்கள். காலணி, உடை, தொழுகை நேரம் பற்றி அங்குள்ள பொறுப்பாளர்களிடம் முன்கூட்டியே பேசுங்கள். போவது பார்க்கவும் கேட்கவும், வழிபடுவதற்கு அல்ல என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். உள்ளே போக விரும்பாத குடும்பத்துப் பிள்ளை வெளியே நின்று கட்டடத்தை வரையட்டும், அதற்கும் புள்ளி உண்டு.

தேர்வு எழுதுபவர்களுக்கு ஒரு சொல். "பல்லின மக்களிடையே நல்லிணக்கம்" என்று கட்டுரை வந்தால், "அனைவரும் ஒற்றுமையாக வாழ வேண்டும்" என்ற வரியை ஐந்து முறை எழுதிப் பக்கத்தை நிரப்பாதீர்கள். 1801-ஐ எழுதுங்கள், 1867-ஐ எழுதுங்கள், 1894-ஐ எழுதுங்கள். ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு காரணமும் ஒரு விளைவும் சேருங்கள். சான்றோடு பேசும் கட்டுரையைத் திருத்துநர் அடையாளம் கண்டுகொள்வார்.

அடுத்த முறை பண்டிகைப் பாடம் வரும்போது, வெண்பலகையில் கோடு போடுவதற்கு முன் வகுப்பை ஒருமுறை பாருங்கள். உங்கள் கட்டங்களுக்குள் இடம் கிடைக்காத பிள்ளை எங்கேயாவது உட்கார்ந்திருக்கலாம். அந்தப் பிள்ளைக்கும் இந்த ஊரில் இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியது நாம்தான்.